அடுப்புக்கு இடம் பார்த்துக் கட்டிய வேன்

இனி வேனிலேயே குடியிருக்கப் போகிறோம் என்று பாளையங்கோட்டைக்கு போன் போட்டுச் சொன்னபோது அம்மா கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “ஏட்டி, அடுப்ப எங்க வைப்ப?”

அன்றைக்குச் சிரித்துவிட்டேன். அதுவரை நாங்கள் போட்ட வரைபடங்களில் கட்டில், இவருக்கு வேலை மேசை, புத்தக அலமாரி எல்லாம் அளவெடுத்து உட்கார்ந்திருந்தன. அடுப்பு மட்டும் மூலையில் ஒரு சின்னச் சதுரம். ஏழு மாத வேலையில் மின்சாரம், காற்றோட்டம், எடை என்று எதைத் தொட்டாலும் அந்தச் சதுரத்தில்தான் வந்து முட்டியது.

எங்கள் கதை சுருக்கமாக. நான் செவிலியர். ஏஜென்சி மூலம் இங்கிலாந்தில் ஊர் ஊராக மருத்துவமனைகளில் வேலை. இவருக்கு மென்பொருள் வேலை, இணையம் இருந்தால் போதும். மகன் பல்கலைக்கழகத்துக்குப் போனபின் லண்டனின் ஹாரோவில் இரண்டு அறை ஃபிளாட்டுக்கு மாதம் 1,650 பவுண்டு கொடுத்துக்கொண்டு, நான் வேலை செய்யும் ஊரிலும் தனியாக அறை எடுத்துத் தங்குவது முட்டாள்தனமாகப் பட்டது. வேறு பெரிய தத்துவம் எதுவும் இல்லை.

2022 அக்டோபரில் வண்டி தேடத் தொடங்கினோம். அடுத்த மாதமே லண்டனின் புகைக் கட்டுப்பாட்டு மண்டலம் நகரம் முழுவதற்கும் விரிகிறது என்ற அறிவிப்பு வந்தது. 2023 ஆகஸ்ட் 29 முதல் யூரோ 6 என்ற புகைத் தரத்துக்குக் கீழான டீசல் வண்டி உள்ளே வந்தால் நாளுக்கு 12.50 பவுண்டு. நண்பர்கள் எல்லாரும் லண்டனில் இருக்க, பழைய வண்டி வாங்குவதில் அர்த்தமில்லை. இன்னொரு கட்டுப்பாடு எங்கள் உரிமம். 1997-க்கு முன் தேர்வு எழுதியவர்கள் சாதாரண கார் உரிமத்திலேயே 7.5 டன் வரை ஓட்டலாம்; நாங்கள் பின்னால் வந்தவர்கள், 3,500 கிலோவோடு சரி. இந்த எண்ணை அப்போதே சுவரில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும்.

கடைசியில் எடுத்தது 2018-ம் வருடத்து பியூஜோ பாக்ஸர் வேன், எல்3எச்2 அளவு (எல் நீளம், எச் உயரம்). ஃபியட் டுகாட்டோவும் சித்ரோயன் ரிலேயும் இதே வண்டிதான். இத்தாலியில் அட்டெஸ்ஸா என்ற ஊரில் ஒரே தொழிற்சாலையில் செய்து வேறு வேறு முகப்பு மாட்டினார்கள். இதை எடுக்க ஒரே காரணம், உள் அகலம் கிட்டத்தட்ட 1.87 மீட்டர், சுவர்களும் ஏறக்குறைய நேராக நிற்கின்றன. கட்டிலைக் குறுக்கே போட்டுவிடலாம். நீளவாட்டில் போட்டிருந்தால் சமையலுக்கு இடம் இருந்திருக்காது. விளம்பரத்தில் 11,500 என்று போட்டிருந்தார்கள். சரக்கு வேன்களின் விலைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘வாட் தனி’, அதாவது வரி தனி, என்று இருப்பதைப் பார்க்கத் தவறினால் மயக்கம்தான் வரும். எங்களுக்கு 13,800 ஆனது.

நண்பர் வீட்டு முன்வெளியில் நிறுத்திப் பிரித்தோம். பார்சல் சுமந்த வண்டி; உள் பலகைகளைக் கழற்றினால் ரப்பர் பேண்டுகள், கிழிந்த முகவரிச் சீட்டுகள், ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு. அங்கங்கே துரு இருந்தது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு மாற்றி தடவி, துத்தநாக பிரைமர் அடிக்க இரண்டு வாரம். அப்புறம் கூரையில் ஓட்டை.

ஓட்டை போடும் நாள் இவர் காலையிலிருந்தே சாப்பிடவில்லை. காற்றாடிக்கு 40 செ.மீ. சதுரம் வேண்டும். அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்து, உள்ளிருந்து நான்கு மூலையிலும் துளையிட்டு, வெளியிலிருந்து ஜிக்சாவால் அறுத்தோம். பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற தச்சர் ஒருவர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். இரும்புத் தூளை அப்படியே விடாதீர்கள், ஒரு மழை ராத்திரி போதும், கூரை முழுக்கத் துருப் புள்ளி விழும் என்று எச்சரித்தவர் அவர்தான். படுக்கை விரிப்பை விரித்து, காந்தம் வைத்துத் துழாவி எடுத்தோம். வெட்டிய ஓரத்தை அரத்தால் ராவி பிரைமர் அடித்து, சிகாஃப்ளெக்ஸ் பசை பூசி காற்றாடியை உட்கார்த்தியபோது மணி ஆறு. அன்று இரவு மழை. இரண்டு மணிக்கு டார்ச்சோடு போய்ப் பார்த்தார். ஒழுகவில்லை.

அந்தக் காற்றாடியைப் பெரும்பாலானவர்கள் கட்டிலுக்கு மேலே வைக்கிறார்கள், கோடையில் படுத்தால் காற்று வரட்டும் என்று. நாங்கள் அடுப்புக்கு நேர் மேலே வைத்தோம். இந்த வேனில் நாங்கள் சரியாகச் செய்த ஒரு காரியம் கேட்டால் இதைத்தான் சொல்வேன். தாளிப்பு வாசனையாவது இரண்டு நாளில் போய்விடும், நீராவிதான் போகாது. குளிர்ந்த தகட்டைத் தொட்டதும் தண்ணீராகி, பலகைக்குப் பின்னால் இறங்கி, நம் கண்ணில் படாமல் துருவாகிக்கொண்டிருக்கும். முட்டை பொரித்து ரொட்டி தின்பவர்களின் வேன் படங்களைப் பார்த்து அப்படியே கட்டினால், சோறு வடிக்கும் குடும்பத்துக்கு ஒத்துவராது. வேதியியலும் நம் பக்கம் இல்லை: ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ தண்ணீர் பிறக்கிறது. பானையில் கொதிப்பது போக, சுடரிலிருந்தே இவ்வளவு ஈரம்.

அதனால் சுவர்த் தகட்டின்மேல் ஈரம் புகாத மூடிய நுண்ணறை நுரைத் தாளை இடைவெளியே இல்லாமல் நேரடியாக ஒட்டினோம். கூரையில் 25 மி.மீ. பிஐஆர் என்ற வெப்பத் தடுப்புப் பலகை. தரை, கூரை எல்லாம் போக உள்ளே நிற்கும் உயரம் 1.85 மீட்டர். இவர் 173 செ.மீ., தலை தப்பியது. சூட்டுக்கு டீசல் ஹீட்டர். எரிய வேண்டிய காற்றை அது வெளியிலிருந்து இழுத்து, புகையையும் வெளியிலேயே விடுவதால் உள்ளே வருவது உலர்ந்த சூடு. கேஸ் ஹீட்டர் வைத்திருந்தால் மறுபடியும் ஈரம்தான். கார்பன் மோனாக்சைடு அலாரம் முதல் நாளே மாட்டினோம்.

சரி, இவ்வளவு ஈரம் என்றால் கேஸ் வேண்டாம், இண்டக்‌ஷன் வைத்துவிடலாமே என்று இவர் ஒரு விரிதாள் போட்டார். ஒரு நாளைக்கு தோசை, சோறு, ஒரு குழம்பு, நான்கு காபி: சுமார் 1 யூனிட். 280 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் மூன்றரை யூனிட் பிடிக்கும். கூரையில் 400 வாட் சோலார். ஜூன் மாதத்தில் கணக்கு அழகாக வந்தது, நாங்கள் செலவழித்ததைவிட அதிகமாகவே சேர்ந்தது. டிசம்பரில் முழு நாளும் சேர்த்து 200 வாட்-மணி, அதாவது ஐந்தில் ஒரு பங்கு யூனிட் கூட வராத நாட்கள் இருந்தன. வண்டி ஓடும்போது இன்ஜினிலிருந்தும் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றலாம். ஆனால் யூரோ 6 வண்டிகளில் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் எரிபொருளை மிச்சப்படுத்த அவ்வப்போது வோல்டேஜைக் குறைத்துவிடும், அதனால் நடுவில் அந்த வோல்டேஜைச் சரிசெய்து தரும் டிசி-டிசி சார்ஜர் இல்லாமல் வேலைக்காகாது. நாங்கள் போட்டது 40 ஆம்பியர். இரண்டு மணி நேரம் ஓட்டினால் ஒரு யூனிட் ஏறும். ஆனால் நான் ஒரே ஊரில் மூன்று வாரம் வேலை செய்யும்போது, சோறு வடிப்பதற்காகத் தினமும் இரண்டு மணி நேரம் எங்கே ஓட்டுவது?

கடைசியில் இரண்டும் வைத்தோம். கோடைக்கு இண்டக்‌ஷன், குளிருக்கு ஒற்றை பர்னர் கேஸ். நீல உருளை பியூட்டேன், பூஜ்ஜியம் டிகிரிக்குப் பக்கத்தில் ஆவியாகவே மறுக்கும். சிவப்பு உருளை புரொப்பேன்தான் எங்களுக்கு. இந்த வாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். அதனால் உருளைக்கு மூடிய தனிப் பெட்டி, அதன் அடியில் வெளியே போக ஓட்டை. குழாய் வேலையைக் கேஸ் சேஃப் பதிவு பெற்ற ஒருவரை வைத்துச் சோதித்தோம். இதில் மட்டும் சொந்தக் கையை நம்பவில்லை. பேட்டரி கட்டிலுக்கு அடியில், சூடு இருக்கும் பக்கம். உறைநிலைக்குக் கீழே லித்தியத்தை சார்ஜ் செய்தால் பாழாகிவிடும்.

கழிப்பறையைப் பற்றி யாரும் நம் மொழியில் எழுதாததால் எழுதிவிடுகிறேன். சிறுநீரைத் தனியே பிரிக்கும் உலர் கழிப்பறைதான் வேனுக்கு உத்தமம் என்று எல்லாரும் சொல்வார்கள். காகிதம் பயன்படுத்துபவர்களுக்கு அது சரி. கழுவும் நமக்கு உலர் என்ற பேச்சுக்கே இடமில்லை. கழிவுப் பெட்டியைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொட்டும் கேசட் கழிப்பறை வைத்து, 12 வோல்ட் பம்பிலிருந்து ஒரு கைத்தெளிப்பான் இழுத்தோம். விளைவு, கேசட் மற்றவர்களுக்கு நிறைவதைவிடச் சீக்கிரம் நிறைகிறது, 70 லிட்டர் தண்ணீர் மூன்று நாள்தான் வருகிறது. நாங்கள் எந்த ஊர் போனாலும் முதலில் தேடுவது கேசட் கொட்டும் இடம், அப்புறம் குழாய். இரண்டு வருடமாகியும் இதில் வேறு வழி தெரியவில்லை.

ஆகஸ்டில் வேலை முடிந்தது. சாமான்களை ஏற்றிக்கொண்டு, தண்ணீரும் டீசலும் நிரப்பி, இரண்டு பேரும் உட்கார்ந்தபடி எடைமேடையில் ஏறினோம். 3,460 கிலோ. அனுமதிக்கு 40 கிலோதான் மிச்சம், மகன் கூட ஏற முடியாது! திரும்பி வந்து எல்லாவற்றையும் முன்வெளியில் இறக்கிப் பரப்பினோம். 20 கிலோ பொன்னி அரிசி, இரும்பு தோசைக்கல் இரண்டு, கருவிப்பெட்டி, புத்தகங்கள், ஊரிலிருந்து கொண்டுவந்த வெட் கிரைண்டர்.

“ஏங்க, கிரைண்டர் பதினோரு கிலோதான்.”

“உன் புத்தகத்த எடுக்கவா, கிரைண்டர எடுக்கவா?”

கிரைண்டர் நண்பர் வீட்டுக்குப் போனது, புத்தகங்களும் போயின. மிக்ஸி தங்கியது. மறுபடி எடை போட்டபோது 3,310. மிக்ஸியில் அரைத்த மாவு குளிர்காலத்தில் பொங்காது என்று நினைத்தேன். ஹீட்டர் குழாய் போகும் அலமாரிக்குள் பாத்திரத்தை வைத்தால் ஹாரோ ஃபிளாட்டில் பொங்கியதைவிட நன்றாகப் பொங்குகிறது. ஒரு நாள் தட்டைத் தள்ளிக்கொண்டு வழிந்தே விட்டது.

காகித வேலை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பதிவுச் சான்றில் சரக்கு வேன் என்பதை ‘மோட்டார் கேரவன்’ என்று மாற்ற உள்ளே கட்டிலும் அடுப்பும் இருந்தால் போதாது. வெளியிலிருந்து பார்த்தாலே கேரவன் என்று தெரிய வேண்டும்: பக்கச் சுவரில் ஜன்னல்கள், வெய்யில் மறைப்புக் கம்பி, இருபுறமும் கேரவன் பாணிக் கோடுகள் என்று ஒரு பட்டியல் உண்டு. எங்களுக்கு வந்தது ‘ஜன்னலுள்ள வேன்’ என்று. எனக்கு வருத்தமே இல்லை. நகரத்தில் ராத்திரி நிறுத்தும்போது பார்சல் வண்டி மாதிரி இருப்பதுதான் நல்லது. காப்பீட்டுக்காரர்கள் சிலர் சான்றைப் பார்த்ததும் மறுத்தார்கள். புகைப்படங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்து ஒப்புக்கொண்டவர்களும் இருந்தார்கள். உரிமத்துக்கும் வங்கிக்கும் முகவரி வேண்டும், நண்பர் வீட்டுடையதைக் கொடுத்திருக்கிறோம். இப்படி ஒரு வீடு கிடைக்காதவர்கள் ஃபிளாட்டைக் காலி செய்வதற்கு முன் யோசியுங்கள். ஸ்காட்லாந்தில் எங்கும் தங்கலாம் என்று ஒரு பேச்சு உண்டு. அந்த உரிமை நடந்து போய்க் கூடாரம் போடுகிறவர்களுக்கு. மோட்டார் வண்டிக்கு இல்லை.

முதல் குளிர்காலம் பாடம் நடத்தியது. ஜனவரியில் பக்ஸ்டன் பக்கம் சாலையோரம் வண்டி நிறுத்தும் ஒரு லே-பையில் படுத்திருந்தோம். விரிப்பு மாற்ற மெத்தையைத் தூக்கினால் அடியில் கறுப்புப் பூஞ்சை, ஆள் படுத்த வடிவத்திலேயே. சமையல் ஆவியை இவ்வளவு யோசித்த எங்களுக்கு மூச்சும் வியர்வையும் மெத்தை வழியே இறங்கிக் குளிர்ந்த பிளைவுட்டில் தேங்கும் என்று தோன்றவில்லை. பலகையை எடுத்துவிட்டு மரச்சட்டங்கள் போட்டு, மேலே காற்று நுழையும் வலைப்பாய் விரித்தபின் நின்றது. அதே லே-பையில்தான், ராத்திரி எட்டு மணிக்கு குக்கர் மூன்று விசில் அடித்ததும் பக்கத்து லாரிக்காரர் பதறிக் கதவைத் தட்டினார். இப்போது அரிசியை ஊறவைத்து, ஒரே விசிலில் அணைத்து அப்படியே விட்டுவிடுகிறோம். கேஸும் மிச்சம்.

வண்டி போக வேலைக்கான செலவு 9,400 பவுண்டு. அதில் பேட்டரி, இன்வெர்ட்டர், கம்பிகள் மட்டுமே மூன்றில் ஒரு பங்கு. கம்பியில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். இண்டக்‌ஷன் 2,000 வாட் இழுத்தால் 12 வோல்ட்டில் 150 ஆம்பியருக்கு மேல் ஓடும்.

இட்லிக்கு மட்டும் இன்னும் தீர்வு வரவில்லை. காற்றாடி முழு வேகத்தில் சுற்றினாலும் எதிர் கண்ணாடியில் நீர்த்தாரை ஓடுகிறது. இப்போதைக்குப் பக்கக் கதவை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு, கோட்டுப் போட்டபடி அவிக்கிறேன். அடுப்புக்குப் பின்சுவரில் திறந்து மூடும் ஜன்னல் ஒன்று வைக்கலாம் என்கிறார் இவர். அட்டையை வெட்டி ஒட்டிப் பார்த்தாயிற்று, சட்டம் ஒன்று குறுக்கே வருகிறது. மார்ச்சில் மழை நின்றால் அறுப்போம்.