பன்னிரண்டு மணி இரண்டு தடவை அடித்த நாள்

“தம்பி, ஒங்க மெஷின் ஆரையோ கொன்னுட்டு. ஊரே இங்க வந்து நிக்கி.”

கோயில் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை போனில் இப்படிச் சொன்னபோது நான் தக்கலை பஸ் ஸ்டாண்டில் பழம்பொரி தின்றுகொண்டிருந்தேன். குளச்சல் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர்க் கிறிஸ்தவக் கோயிலில், காலை, மதியம், மாலை என்று மூவேளை செபத்துக்குத் தானாக மணி அடிக்க ஒரு சின்ன எலக்ட்ரானிக் போர்டு செய்து கொடுத்திருந்தேன். அன்று மதியம் 12 மணிக்கு ஒழுங்காக அடித்திருக்கிறது. ஒரு நிமிடம் ஆகவில்லை, மறுபடியும் அடித்திருக்கிறது. நேரங்கெட்ட நேரத்தில் மணி கேட்டால் அந்த ஊரில் துக்கம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் அப்படியே எழுந்து வந்துவிட்டார்கள்.

நடந்தது இதுதான். போர்டின் கடிகாரம் 40 விநாடி முந்தி ஓடியிருக்கிறது. மணி அடித்துப் பத்து விநாடியில் செயற்கைக்கோளிலிருந்து ஜிபிஎஸ் சரியான நேரத்தைத் தந்ததும் கடிகாரம் 11:59:30-க்குப் பின்வாங்கியது. பிறகு 12 மணி இன்னொரு தடவை வந்தது. என் நிரலோ விநாடிக்கு ஒருமுறை “இப்போது 12 ஆகிவிட்டதா?” என்று கேட்கிற அப்பாவி.

‘அடித்தாயிற்று’ என்று ஒரு குறி வைத்தால் தீர்ந்துவிடும். வைக்கத்தான் போனேன். அதற்காகக் கெர்னலை, அதாவது போர்டின் மற்ற நிரல்களுக்கெல்லாம் அடியில் ஓடும் அடிப்படை நிரலை, திறந்தபோதுதான் உள்ளே ஐந்து நேரங்கள் குடியிருப்பது தெரிந்தது. நானே எழுதிய குட்டிக் கெர்னல்தான், வேறு யாரையும் திட்ட வழியில்லை. நூறில் ஒரு விநாடிக்கு ஒருமுறை ஏறும் டிக் எண்ணி. 32 பிட் மில்லிவிநாடி எண்ணி. கணினி வழக்கப்படி 1970 தொடக்கத்திலிருந்து எண்ணும் விநாடி. தேதியை ஆண்டு, மாதம், நாள் என்று தனித்தனியாக வைத்த கட்டமைப்பு. பேட்டரியில் ஓடும் கடிகாரச் சில்லு. ஒன்றை இன்னொன்றாக மாற்ற மட்டும் பதினோரு ஃபங்ஷன்.

எல்லாவற்றுக்கும் ஒரு காலத்தில் காரணம் இருந்தது, அதனால்தான் எதையும் தூக்கி எறிய மனம் வரவில்லை. மில்லிவிநாடி எண்ணி மோட்டாருக்காக வந்தது. அது 49 நாள் 17 மணி நேரத்தில் நிரம்பிச் சுழியத்துக்குத் திரும்பிவிடும். நம் ஊரில் அதற்குள் எப்படியும் ஒரு தடவை கரண்டு போய்விடுவதால் அந்தப் பிழை ஒருநாளும் வெளியே வந்ததில்லை. பங்குச் சாமியார் யுபிஎஸ் வாங்கித் தந்திருந்தால் மாட்டியிருப்பேன்.

உலகமெங்கும் ஓடும் பெரிய கெர்னலான லினக்ஸிலும் இப்படி ஒன்று இருந்தது. 32 பிட் செயலிகளுக்கு 64 பிட் வகுத்தல் பெரும்பாடு என்பதால், நேரத்தை விநாடி தனி, நானோவிநாடி தனி என்று பிரித்து வைக்கும் வழியையும் வைத்திருந்தார்கள். 2014-ல் அதை நீக்கிவிட்டு எல்லா இடத்திலும் ஒரே 64 பிட் நானோவிநாடி எண் என்று ஆக்கினார்கள். 292 ஆண்டு தாங்கும்.

நானும் அதையே செய்தேன். போர்டு உயிர்பெற்றதிலிருந்து ஏறிக்கொண்டே போகிற, ஒருபோதும் பின்வாங்காத ஒரே எண். சுவர்க் கடிகார நேரம் என்பது அதோடு ஒரு வித்தியாசத்தைக் கூட்டினால் கிடைப்பது, அவ்வளவுதான். ஜிபிஎஸ் திருத்தினால் வித்தியாசம் மட்டும் மாறும். 12 மணி அடித்த கையோடு அடுத்தது மாலை 6 என்று குறித்தாயிற்று. கடிகாரம் 40 விநாடி பின்னால் போனால் ஆறு மணிதான் தள்ளிப்போகும், பழைய பன்னிரண்டு எழுந்து வராது. அந்தக் குறியே வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் ஒரு இடத்தில் இரண்டு நாள் போனது. 32 பிட் செயலி 64 பிட் எண்ணை இரண்டு பாதியாகத்தான் வாசிக்கும். மேல்பாதி வாசித்து முடித்த நேரம் இன்டரப்ட் (செய்கிற வேலையை இடைநிறுத்தும் குறுக்கீடு) வந்து எண்ணை ஏற்றிவிட்டால் பழைய தலை, புதிய உடல். லினக்ஸ் செய்வதுபோல, எழுதத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் ஒரு எண்ணியை ஏற்றினேன். வாசிப்பவர் முன்னும் பின்னும் அதைப் பார்க்க வேண்டும். ஒற்றைப்படையாக இருந்தாலோ, இடையில் மாறியிருந்தாலோ திரும்ப வாசிக்க வேண்டும்.

சுவர்க் கடிகார நேரம் 1970-லிருந்துதான் எண்ணுகிறது, அதையும் 64 பிட் ஆக்கிவிட்டேன். 32 பிட்டில் விட்டிருந்தால் 2038 ஜனவரி 19 அன்று காலை 8:44-க்கு எண் நிரம்பி மைனஸில் விழுந்து, நம் போர்டு 1901-க்குப் போயிருக்கும். பார்த்தால் அது செவ்வாய்க்கிழமை, அந்தோணியார் நவநாள் வேறு.

நேரம் சம்பந்தப்பட்ட 640 வரி 210 ஆனது. பேட்டரிச் சில்லு மட்டும் மிச்சம், போர்டு எழும்போது ஒருமுறை அதைக் கேட்பதோடு சரி.

போன வாரம் கோயில்பிள்ளை மறுபடியும் கூப்பிட்டார். “காலை மணி ரெண்டு நிமிசம் பிந்தி அடிக்கி.” நேரில் போய்ப் பார்த்தேன், அவர் கைக்கடிகாரம்தான் முந்தி ஓடுகிறது. அந்த ஊர் முப்பது வருடமாக அவர் கைக்குத்தான் எழுந்திருக்கிறது, நான் வாதாடவில்லை. மணி அட்டவணையில் 6:00-ஐ 5:58 ஆக்கிவிட்டு வந்தேன். கெர்னலைத் தொடவில்லை.