கழுத்து திரும்ப மறுக்கும்போது

பைக்கில் போகும்போது பின்னால் வரும் வண்டியைப் பார்க்கத் தோளையும் சேர்த்துத் திருப்ப வேண்டியிருந்தால், கழுத்து இறுகியிருக்கிறது என்று கொள்ளலாம். கணினி முன் அமர்ந்து பிழைக்கும் என் போன்றவர்களுக்கு இது பழகிப்போன தொல்லை. உடனே தலையை வட்டமாகச் சுழற்றுவார்கள். இல்லையேல் நெட்டி முறிப்பார்கள். எனக்கு இயன்முறை மருத்துவர் முதலில் கற்றுக்கொடுத்ததோ மோவாயைப் பின்னுக்கு இழுக்கும் பயிற்சியை.

முதுகு நிமிர்ந்து அமர்ந்து, பார்வையை நேராக நிறுத்தி, குனியாமலும் அண்ணாராமலும் மோவாயை மட்டும் பின்னோக்கி நகர்த்த வேண்டும். கழுத்தருகே இரட்டை மோவாய் விழும். பார்க்க அழகாக இராது, ஆனால் சரியாகச் செய்கிறோம் என்பதற்கு அதுவே அடையாளம். பிடரியில், மண்டையோட்டின் அடியில், மெல்லிய இழுப்பு தெரியும்போது ஐந்து விநாடி நிறுத்திவிட்டுத் தளர்த்தலாம். பத்து முறை போதும். பரதநாட்டியத்தின் நான்கு கழுத்தசைவுகளுள் பிரகம்பிதா என்பது பெண்புறாவைப் போலக் கழுத்தை முன்னும் பின்னும் அசைப்பது. அதில் பின்னே வரும் பாதியை மட்டும் மெதுவாகச் செய்வதாக எண்ணிக்கொண்டால் சட்டென்று பிடிபடும்.

இதை ஏன் முதலில் செய்ய வேண்டும்? கழுத்தெலும்புகள் ஏழு இருந்தாலும், தலை பக்கவாட்டில் திரும்பும் அளவில் ஏறத்தாழப் பாதி, மேலேயுள்ள இரண்டு எலும்புகளுக்கு இடையிலான மூட்டில்தான் நிகழ்கிறது. திரையை நோக்கித் தலை துருத்திக்கொண்டிருக்கையில், கீழ்க்கழுத்து முன்னே வளைய, பார்வையை நேராக்குவதற்காக மேல்கழுத்து பின்னே மடங்கி, அந்த மூட்டைச் சுற்றியுள்ள சிறு தசைகள் சுருங்கியே கிடக்கின்றன. ஐயமிருந்தால் தலையை முன்னே நீட்டியபடி வலப்பக்கம் திரும்பிப் பாருங்கள். பிறகு தலையைத் தோளுக்கு நேராகக் கொண்டுவந்து திரும்பிப் பாருங்கள். வேறுபாடு உடனே தெரியும்.

அடுத்தது, தோள்பட்டை எலும்பின் மேல்முனையையும் கழுத்தையும் இணைக்கும் தசைக்கானது. இடக்கையால் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முகத்தை வலப்புறம் பாதியளவு திருப்பி, வலது அக்குளைப் பார்ப்பதுபோலக் குனிய வேண்டும். வலக்கையைத் தலையின் பின்புறம் வைத்தால் போதும், அதன் எடையே இழுத்துக்கொள்ளும், அழுத்தத் தேவையில்லை. நாற்காலியைப் பிடிக்காவிட்டால் தோள் தானாக மேலே ஏறிவிடும், பயிற்சி வீண். அரை நிமிடம் நிறுத்திவிட்டு மறுபக்கமும் செய்யலாம். தலையை மெதுவாக இருபுறமும் திருப்புவதை இதன்பின் வைத்துக்கொள்வது எளிது.

சலூனில் மசாஜின் முடிவில் கழுத்தை வெடுக்கென்று திருப்பி நெட்டி எடுப்பதை நான் அடியோடு தவிர்க்கிறேன். மூளைக்குச் செல்லும் இரண்டு தமனிகள் கழுத்தெலும்புகளின் துளைகள் வழியாகவே மேலேறுகின்றன; திடீர்த் திருகலில் அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. கையில் மரத்துப்போதல், பிடி தளர்தல், தலைசுற்றல், பார்வை இரட்டையாகத் தெரிதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், அல்லது அண்மையில் விழுந்து அடிபட்டிருந்தாலும், மேற்சொன்ன எளிய பயிற்சிகளைக்கூட மருத்துவரைப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும்.