ஈரத்துக்கு மருந்து

ஐப்பசி பிறந்துவிட்டால் ஒரத்தநாடு, மன்னார்குடி பக்கத்துக் கோழிப் பண்ணைகளிலிருந்து எனக்கு வரும் போனெல்லாம் ஒரே மாதிரி இருக்கும். "சார், கோழிக்குச் சளி பிடிச்சிருக்கு. கர்கர்னு சத்தம் வருது. என்ன மருந்து கொடுக்கலாம்?"

ஷெட்டுக்குள் நுழைந்ததும் அமோனியா நெடி கண்ணைக் கரிக்கும். தரையில் பரப்பிய உமியை அள்ளிப் பிடித்தால் உதிராது, உருண்டையாக நிற்கும். அடைமழைக்குப் பயந்து பக்கத்துப் படுதாக்களை இறக்கிக் கட்டியிருப்பார்கள். பாதி நோய் அங்கேயே தெரிந்துவிடும். செத்த கோழியை அறுத்தால் மீதி: இதயத்தின் மேலும் கல்லீரலின் மேலும் தயிராடை போல வெள்ளைப் படலம். இ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் வேலை.

கால்நடை மருத்துவனாக நான் பார்த்தவரை, மழைக்காலத்தில் டெல்டாவில் செலவாகும் ஆன்டிபயாடிக்கில் பெரும்பங்கு ஈரத்துக்குத்தான் போகிறது. உமி காய்ந்திருந்து, குடிக்கும் தண்ணீரில் குளோரினும் கலந்திருந்தால் பல மருந்துக்கு வேலையே இல்லை. உமியைக் கிளற ஆள் வேண்டும், வெயிலும் வேண்டும். மருந்து பாக்கெட்டோ கோழிக் கம்பெனி சூப்பர்வைசர் பையில் தயாராக இருக்கிறது.

பண்ணைக்காரரைக் குறை சொல்ல மனம் வருவதில்லை. கஜா புயலில் தென்னையை இழந்து, கடன் வாங்கி ஷெட் போட்டவர் ஒருவர். குஞ்சு, தீனி, மருந்து எல்லாம் கம்பெனியுடையது. இவருக்குக் கிலோ கணக்கில் வளர்ப்புக் கூலி. சாவு கூடினால் கூலி குறையும். அவரிடம் மருந்தைக் குறைக்கச் சொன்னால், "அப்ப சாகட்டுங்கிறீங்களா சார்?" என்பார். நியாயமான கேள்விதான்.

டேங்கில் மருந்து கலக்கும் முறையிலேயே ஒரு கோளாறு உண்டு. நோய்ப்பட்ட கோழி தண்ணீர் குடிக்காமல் மூலையில் குந்தியிருக்கும், நல்ல கோழி வயிறு முட்டக் குடிக்கும். சாவு நின்றதும், கெடு முடியும் முன்பே மருந்தையும் நிறுத்திவிடுவார்கள். குடலில் இருக்கும் கிருமிகளில் எளியவை செத்துப்போக, தாங்கியவை பெருகும். தாங்கும் மரபணு பலசமயம் பிளாஸ்மிட் என்ற சின்ன டிஎன்ஏ வளையத்தில் இருப்பதால், ஒரு கிருமி அதை வேறு இனத்துக் கிருமிக்கும் கைமாற்றும். மற்ற மருந்தெல்லாம் கைவிட்ட நோயாளிக்குப் போடும் கொலிஸ்டினுக்கே இப்படிக் கைமாறும் எதிர்ப்பு மரபணு ஒன்று சீனாவில் 2015இல் தெரியவந்தது. இந்தியா 2019 ஜூலையில் உணவுக்கு வளர்க்கும் விலங்குகளுக்குக் கொலிஸ்டினைத் தடை செய்தது. கோழிக்குக் கொடுக்கும் என்ரோஃப்ளாக்சசினில் ஒரு பகுதி, உடலுக்குள் போய், மனிதருக்குக் கொடுக்கும் சிப்ரோஃப்ளாக்சசினாகவே மாறிவிடுகிறது. அமெரிக்காவில் என்ரோஃப்ளாக்சசினைக் கோழிகளுக்கு 2005இலேயே நிறுத்திவிட்டார்கள்.

அந்தத் தென்னைக்காரர் ஒருநாள் அவருடைய அம்மாவின் சிறுநீர் கல்ச்சர் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து நீட்டினார். கிருமி இ.கோலை. மருந்துப் பெயர்களுக்கு நேரே 'ஆர்', 'ஆர்' என்று இறங்கிக்கொண்டே போனது, அந்த மருந்துக்குக் கிருமி மசியாது என்று பொருள்; சிப்ரோவுக்கும் அதே. "இந்த சிப்ரோ நம்ம கோழிக்குக் கொடுக்கிற மருந்தோட இனந்தானே சார்?" மருந்தின் இனம் அதேதான். ஆனால் அவர் பண்ணையிலிருந்து வந்த கிருமி என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. இரண்டு கிருமிகளின் மரபணுவையும் ஒப்பிட்டால்தான் தெரியும். சீட்டில்லாமல் கடையில் வாங்கி விழுங்கும் மாத்திரைக்கும் இதில் பங்குண்டு. அப்படியே சொன்னேன். அவருக்குத் திருப்தியில்லை.

கோழிக்கறி தின்னலாமா என்று கல்யாண வீட்டில்கூடக் கேட்கிறார்கள். (நான் தின்கிறேன்.) நன்றாக வெந்த குழம்பில் கிருமி பிழைக்காது. பச்சைக்கறி வெட்டிய பலகையைக் கழுவாமல் அதிலேயே வெங்காயம் நறுக்கித் தயிரில் போடுவதுதான் வினை.

எருவைப் பற்றித்தான் யாரும் கேட்பதில்லை. பேட்ச் முடிந்ததும் உமியும் எச்சமும் லாரியேறி வயலுக்கும் தோப்புக்கும் போகின்றன. தாங்கிப் பழகிய கிருமியும், கோழி உடலில் தங்காமல் கழிந்த மருந்தும் கூடவே போகின்றன. பச்சையாகக் கொட்டினால் அடுத்த மழையில் வாய்க்காலில் இறங்கிவிடும். குவித்து மூடி, உள்ளே சூடேறவிட்டு, புரட்டி மட்கவைத்தால் கிருமி வெகுவாகக் குறையும். தென்னைக்காரர் ஒரு பேட்ச் எருவை அப்படிச் செய்தும் பார்த்தார். புரட்டிய ஆள்கூலியைச் சேர்த்து விலை சொன்னதும், வழக்கமாக வாங்குகிறவர் பக்கத்துப் பண்ணையில் பச்சை எருவை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.