அம்மாவின் கடைவாய்ப் பல்

மூன்று வருஷம் முன்பு ரூட் கெனால் செய்த பல்லில் அம்மாவுக்கு மறுபடி வலி. நேற்று அல்சூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். எக்ஸ்ரேயில் வேர் நுனியில் மிளகு அளவு கறுப்பு நிழல், அதாவது உள்ளே மறுபடி கிருமித் தொற்று. "ரெண்டு வேளையும் தேய்க்கிறேனே கண்ணு" என்று அம்மா சொன்னபோது மனசு பிசைந்தது. தப்பு அவங்களுடையது இல்லை.

பல்லின் எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டின் அடுக்கு முழுக்க, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய குழாய்கள். வேரைக் குடைந்து மருந்து விட்டுக் கழுவினாலும் என்டெரோகாக்கஸ் ஃபீகாலிஸ் போன்ற கிருமிகள் அதற்குள் போய்ப் பதுங்கிவிடும்.

இந்தக் கிருமிகளை ஒழிக்கத்தான் நம்ம பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில், அதாவது ஆட்டோக்காரர்கள் சொல்லும் டாடா இன்ஸ்டிட்யூட்டில், ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். இரும்பு பூசிய சிலிக்காவில் திருகாணி வடிவ நானோ ரோபோக்கள், கண்ணுக்கே தெரியாத அளவு சின்னவை. காந்தப்புலத்தால் குழாய்க்குள் செலுத்தி, அங்கேயே சூடேற்றிக் கிருமியைக் கொல்கிறார்கள். பிடுங்கிய பற்களில் 2,000 மைக்ரோமீட்டர், அதாவது 2 மில்லிமீட்டர் ஆழம் வரை போனதாம். 2022இல் வந்த ஆய்வு. படித்ததிலிருந்து அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

சரி, அம்மாவுக்கு இப்போதைக்கு வழக்கமான முறைதான். வெள்ளிக்கிழமை பழைய அடைப்பை எடுத்துவிட்டு மறுபடி சுத்தம் செய்கிறார்கள். அதுவரை ரசம் சாதம்.