அறுபத்தொன்றாவது பிள்ளை

ஊர்ப் பள்ளிக்கூடம் சரியில்லை என்று பேச்சு எழுந்தால், ஆகஸ்ட் 1 அன்று பதிவேட்டில் எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள் என்று முதலில் கேளுங்கள். அந்த நாள் கணக்கை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் நிர்ணயமாகிறது. கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பேர் வரை 2 ஆசிரியர்; 61 முதல் 90 வரை 3 பேர். 61-இல் ஒரு பிள்ளை குறைந்தால் மூன்றாமவர் உபரி, பணி நிரவலில் (உபரி ஆசிரியரைத் தேவையுள்ள பள்ளிக்கு மாற்றுவதில்) வேறு ஊருக்குப் போய்விடுவார். மிச்சமுள்ள இருவர் ஐந்து வகுப்பைப் பார்க்க வேண்டும். ஒருவர் பயிற்சிக்குப் போனால் அன்றைக்கு அது ஓராசிரியர் பள்ளிதான். அதைப் பார்த்து இன்னும் நாலு வீட்டில் பிள்ளையைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றுகிறார்கள்.

ஆகவே பிள்ளை சேர்க்கும் வேலை மார்ச்சிலேயே தொடங்க வேண்டும். ஜூலை 31-க்குள் 5 வயது முடிகிற பிள்ளைகளின் பட்டியல் அங்கன்வாடியில் கிடைக்கும். பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கம் அது முந்திரிக்கொட்டை பொறுக்கும் காலம். பகலில் வீடு பூட்டிக் கிடக்கும், விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போனால்தான் ஆள் இருப்பார்கள். காலைச் சிற்றுண்டியைப் பற்றி அவர்களுக்கே தெரியும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு என்பது பலருக்குத் தெரியாது, அதை எடுத்துச் சொல்லுங்கள்.

வேறு பள்ளியிலிருந்து வரும் பிள்ளை விஷயத்தில்தான் சிக்கல். டி.சி. தாமதமானாலும் 8-ஆம் வகுப்பு வரை சேர்க்க மறுக்கக் கூடாது. ஆனால் மாணவர் விவரம் பதியும் அரசு இணையத்தளமான எமிஸில், பழைய பள்ளி பிள்ளையின் பெயரை எந்தப் பள்ளியும் எடுத்துக்கொள்ளும் பொதுத் தொகுப்புக்கு விடுவிக்காவிட்டால் இங்கே பெயர் ஏறாது. பிள்ளை வகுப்பில் இருக்கும், கணக்கில் இருக்காது. கட்டண பாக்கியைக் காட்டி இழுத்தடித்தால் ஜூன் மாதத்திலேயே வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். ஜூலை கடைசியில் ஓடினால் பலன் இல்லை.

தேர்ச்சி சதவீதத்தை வைத்துச் சின்னப் பள்ளியை எடை போடுவது தவறு. 12 பேர் எழுதி ஒருவர் தவறினால் 91.67, அந்த ஒருவர் மஞ்சள் காமாலையில் படுத்திருந்தவராகவும் இருக்கலாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள், 52-இல் 27 போனால் மீதி எவ்வளவு என்று கேளுங்கள். கடன் வாங்கிக் கழிக்கத் திணறினால் இடமதிப்பு புரியவில்லை என்று பொருள். தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாக நிலைகள் உண்டு. ஜூனில் அரும்பில் இருந்தவர்களில் எத்தனை பேர் டிசம்பரிலும் அங்கேயே நிற்கிறார்கள் என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேளுங்கள்.