மாட்டுச் சந்தை மூட ஒரு நாள், திறக்கப் பல ஆண்டு: கனடா காட்டும் பாடம்

2003 மே 20 அன்று கனடாவின் ஆல்பெர்ட்டா மாகாணத்தில் ஒரே ஒரு பசுவுக்கு பி.எஸ்.இ., அதாவது தீவனம் வழி பரவி மாட்டின் மூளையைச் சிதைக்கும் மேட் கவ் நோய், உறுதியானது. அமெரிக்கா உடனே எல்லையை மூடியது. ஜப்பான், தென்கொரியா என்று மற்ற சந்தைகளும் வரிசையாக அடைபட்டன. உள்நாட்டில் தின்றுதீர்க்க முடியாத அளவு மாடு வளர்க்கும் நாடு அது. விற்க வழியில்லாமல் விலை தலைகுப்புற விழுந்தது.

மாட்டு ஏற்றுமதிப் பேச்சுவார்த்தை என்றதும் பலரும் சுங்க வரியைத்தான் நினைக்கிறார்கள். இந்தக் கதையில் வரிக்குப் பெரிய இடமில்லை. எல்லாமே கால்நடை மருத்துவச் சான்றிதழின் வாசகத்தில் இருக்கிறது. ஏற்றுமதி செய்யும் நாட்டின் அரசு மருத்துவர் எதற்குக் கையெழுத்துப் போட முடியும், வாங்கும் நாடு எதை நம்பி ஏற்கும் என்பதில்தான் இழுபறி.

வழக்கமான படிகள் இவை. முதலில் சந்தை கேட்டு மனு. பிறகு வாங்கும் நாடு அனுப்பும் நீண்ட கேள்விப் பட்டியல்: நோய்க் கண்காணிப்பு, தீவனச் சட்டம், ஆய்வகங்கள், மாட்டு அடையாள முறை. அதன்மேல் அவர்களுடைய ஆபத்து மதிப்பீடு, நேரில் தணிக்கை, சான்றிதழ் வாசகம், கடைசியாக இறைச்சிக்கூடங்களின் அனுமதிப் பட்டியல். எந்தப் படியிலும் கோப்பு ஆண்டுக்கணக்கில் தூங்கலாம். உலக வர்த்தக அமைப்பின் சுகாதார ஒப்பந்தம் அறிவியல் ஆதாரம் கேட்கிறதே தவிர, இத்தனை நாளில் முடி என்று கெடு வைக்கவில்லை.

பி.எஸ்.இ.யில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. உயிரோடிருக்கும் மாட்டில் அதைக் கண்டுபிடிக்க அங்கீகரிக்கப்பட்ட பரிசோதனை கிடையாது. செத்த பிறகு மூளைத் திசுவைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆகவே ‘இந்த மாட்டுக்கு நோயில்லை’ என்று எந்த மருத்துவரும் எழுதித்தர முடியாது. சரிபார்க்கக்கூடிய மூன்று விஷயங்களை வைத்தே வாசகம் அமைய வேண்டும்: என்ன தீவனம் தின்றது, வயது என்ன, மூளை, தண்டுவடம் போன்ற ஆபத்தான உறுப்புகள் நீக்கப்பட்டனவா.

இதில் வயதுதான் பெரிய தலைவலி. அமெரிக்கா 30 மாத வரம்பு வைத்தது. அதைப் பல்லைப் பார்த்தே சொல்லிவிடலாம். இரண்டு பல் போட்ட மாடு என்றால் வரம்புக்குள். மூன்றாவது நிலைப்பல் ஈறைக் கிழித்து வெளியே வந்துவிட்டால் 30 மாதம் தாண்டியது என்று கணக்கு. இறைச்சிக்கூடத்தில் தலையைத் தூக்கி வாயைப் பிளந்து பார்க்கச் சில நொடி போதும். ஜப்பானோ 21, 23 மாத மாடுகளிலேயே நோயைக் கண்டதாக அறிவித்திருந்த நாடு. 2005 டிசம்பரில் திறந்தபோது 20 மாத வரம்பு வைத்தது. முதல் ஜோடி நிலைப்பல் முளைப்பது ஏறக்குறைய 18 முதல் 24 மாதத்துக்குள். மாட்டுக்கு மாடு வேறுபடும் என்பதால் 20 மாதத்துக்குப் பல் சாட்சி சொல்லாது. கன்று பிறந்த தேதி காது வில்லை எண்ணோடு பதிவாகியிருப்பதுதான் உறுதியான சான்று. பதிவில்லாத மாட்டின் வயதை ஜப்பானிடம் நிரூபிப்பது கடினமாக இருந்தது. ஜப்பான் இந்த வரம்பை 30 மாதமாக உயர்த்தியது 2013 பிப்ரவரியில்தான். மேசையில் ஒப்புக்கொள்ளும் ஓர் எண், பண்ணையில் என்ன பதிவேடு இருக்கிறது என்பதோடு பொருந்தாவிட்டால் திறந்த சந்தையும் காகிதத்தில்தான் இருக்கும்.

உயிர்மாடுகள் மறுபடி அமெரிக்க எல்லையைத் தாண்டியது 2005 ஜூலை 18. அதுவும் மார்ச் மாதமே நடந்திருக்க வேண்டியது. மொன்டானாவில் அமெரிக்க மாடு வளர்ப்போர் அமைப்பு ஒன்று நீதிமன்றத் தடை வாங்கியதால் தள்ளிப்போனது. அரசோடு பேசி முடித்தாலும் எதிர்நாட்டு விவசாயி வழக்குப் போடுவான் என்பதைக் கால அட்டவணையில் சேர்த்தே ஆக வேண்டும். நிபந்தனைகளும் கடுமை: 30 மாதத்துக்கு உட்பட்டவை மட்டும், கொழுக்க வைக்கப் போகும் மாட்டுக்குக் கனடா அடையாளச் சூடு, முத்திரையிட்ட வண்டி. வயது கூடிய மாடுகளுக்கு 2007 நவம்பரில்தான் வழி பிறந்தது, 1999 மார்ச் 1 அன்றோ அதற்குப் பின்போ பிறந்திருந்தால் மட்டும். ஏன் அந்தத் தேதி? அசை போடும் விலங்குகளின் எலும்புத்தூளை மாட்டுத் தீவனத்தில் கலக்க 1997-இல் தடை வந்தாலும், அது நடைமுறையில் முழுதாகப் பிடிக்கச் சில காலம் ஆனது என்று அமெரிக்கா கணக்கிட்டது.

தென்கொரியாவிடம் பேச்சு பலிக்காமல் 2009-இல் கனடா உலக வர்த்தக அமைப்புக்குப் போனது. வழக்கு நடுவில் இருக்கும்போதே சமரசம் பேசி, 2012 ஜனவரியில் 30 மாதத்துக்கு உட்பட்ட இறைச்சிக்கு வழி கிடைத்தது.

ஆனால் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது அதற்குப் பிறகு நடந்ததை. 2012 ஏப்ரலில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு பசுவுக்கு பி.எஸ்.இ. கண்டார்கள். தென்கொரியா ஆய்வைக் கூட்டியதே தவிர இறக்குமதியை நிறுத்தவில்லை. 2015 பிப்ரவரியில் ஆல்பெர்ட்டாவில் ஒரு பசுவுக்குக் கண்டார்கள். அதே தென்கொரியா உடனே நிறுத்தி, ஆண்டு முடிவில்தான் மறுபடி திறந்தது. கலிபோர்னியா பசுவுக்கு வந்தது தானாகத் தோன்றும் அரிய வகை, ஆல்பெர்ட்டா பசுவுக்குத் தீவனம் வழி வரும் வகை என்ற வேறுபாடு உண்மைதான். ஆயினும் அமெரிக்கா 2008-இல் பேசி வாங்கிய நிபந்தனையில், உலக விலங்கு சுகாதார அமைப்பு நாட்டின் ஆபத்துத் தரத்தைத் தாழ்த்தினால்தான் நிறுத்தம் என்றொரு வரி இருந்தது. அந்த ஒப்பந்தத்தை எதிர்த்து சியோல் வீதிகளில் மெழுகுவத்திப் போராட்டம் வெடித்ததும், கொரியா தன் நிறுத்தும் உரிமையைக் கூடுதலாக உறுதிசெய்துகொண்டதும் உண்டு. அப்படியிருந்தும் அந்த வரி அமெரிக்காவின் கையில் ஒரு பிடியாக இருந்தது.

உலக விலங்கு சுகாதார அமைப்பின் விதிகளை மட்டும் நம்பிப் பலனில்லை. கனடாவுக்கு மிகக் குறைந்த ஆபத்துத் தரம் கிடைத்தது 2021 மே மாதத்தில். கடைசி நோய்ப்பட்ட உள்நாட்டு மாடு பிறந்து 11 ஆண்டு கடந்திருக்க வேண்டும் என்பது விதி. 2015-இல் சிக்கிய பசு 2009-இல் பிறந்தது. அதே 2021 டிசம்பரில் ஆல்பெர்ட்டாவில் அரிய வகை பி.எஸ்.இ. ஒன்று தென்பட்டது. விதிப்படி அது தரத்தைப் பாதிக்காது. ஆனாலும் தென்கொரியா, பிலிப்பைன்ஸ், சீனா மூன்றும் நிறுத்தின. முதல் இரண்டும் பிறகு திறந்தன. சீனக் கதவு மூன்று ஆண்டுக்கு மேல் மூடியே கிடந்தது.

ஆகவே சந்தை திறக்கும் பேச்சின்போதே நிறுத்தும் விதியையும் எழுதி வாங்க வேண்டும். அரிய வகை நோய்க்கு அறிவிப்பு மட்டும் போதும். தீவன வழி நோய் என்றால் நிறுத்தம் அந்தப் பசுவோடு வளர்ந்த, அதே தீவனம் தின்ற மாடுகளுக்கு மட்டும். விசாரணை அறிக்கை கொடுத்தபின் எத்தனை நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்ற கெடு. சான்றிதழ் கையெழுத்தாகி ஏற்கெனவே கடலில் போய்க்கொண்டிருக்கும் சரக்கை இறக்க அனுமதி. நோய் இல்லாத காலத்தில் இவற்றைக் கேட்டால் எதிர்த்தரப்பு அதிகாரி பொறுமையாகக் கேட்பார். செய்தி வெளியான மறுநாள் அவருக்குப் பதில் அமைச்சர்தான் பேசுவார்.