சம்பளத்துக்கு எது வரும் மிஸ்?

இலங்கை மலையகத்துத் தலவாக்கலையில் இன்று பின்னேர ஆங்கில வகுப்பு. சாதாரண தரம் படிக்கும் பிள்ளை ஒருத்தி, கோடிட்ட இடத்தில் ‘ரைஸ்’ (rise) எழுதுகிறாள், அழிக்கிறாள், ‘ரெய்ஸ்’ (raise) எழுதுகிறாள், மறுபடி அழிக்கிறாள். தாள் அந்த இடத்தில் மட்டும் மெலிந்து, மறுபக்க எழுத்து தெரிய ஆரம்பித்துவிட்டது.

“விலைக்கு ரைஸ், விளங்குது. எங்க அம்மா சம்பளத்துக்கு எது வரும் மிஸ்?”

தானாக எழுவது, ஏறுவது ரைஸ். சூரியன், ஆற்று நீர், கோதுமை மா விலை.

ஒருவர் ஒன்றை உயர்த்தினால் ரெய்ஸ். கையை, குரலை, சம்பளத்தை.

சரியாகச் சொன்னால், சம்பளத்துக்கு ரைஸ் போட்டாலும் இலக்கணம் தடுக்காது. ஆனால் அதை உயர்த்தியது யார், உயர்த்த வைத்தது யார் என்ற கேள்வியே அந்த வாக்கியத்தில் எழாது.

‘வேஜஸ் ரோஸ்’ (wages rose), அதாவது சம்பளம் ஏறியது என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்காது. 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனது தானாக ஏறியா? வருஷக்கணக்காகக் கேட்டு, வேலைநிறுத்தம் செய்து, வீதியில் இறங்கி, அப்புறம்தான் சம்பள நிர்ணய சபையின் முடிவு வர்த்தமானியில் வந்தது.

அவள் ரெய்ஸ் எழுதினாள். இறந்தகாலத்தில் ஒன்று ரோஸ், மற்றது ரெய்ஸ்ட் என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொண்டாள்.

பயிற்சிப் புத்தகங்களில் ஏன் இந்த மாதிரி நம் வீட்டு வாக்கியங்கள் இல்லை? இருந்தால் பிள்ளைகள் பாதி நேரத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

அடுத்த கிழமை லை (lie, படுப்பது), லே (lay, கிடத்துவது). அந்த ஜோடியில் வில்லங்கம் இன்னும் அதிகம்: லையின் இறந்தகாலமே லேதான்.